ஊருக்குக் கொடுத்த வளவு

இராணுவம் முகாமை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ஊரில் கேட்டால் பலர் வெள்ளிக்கிழமை என்பார்கள். ஜும்ஆ முடிந்த கையோடு எல்லோரும் திரண்டு போய்ப் பார்த்தது வெள்ளிக்கிழமை. அதனால் அந்த நாள் அவர்கள் மனதில் தங்கிவிட்டது. கடைசி லொறி செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் பாங்குக்குச் சற்று முன்னர் பிரதான வீதியில் ஏறியது. மாசி மாதம், பெரும்போக அறுவடை முடிகிற நேரம். வீதியின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். லொறி நெல்லின் மேல் ஏறாமல் ஒதுங்கிப் போனது. முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டு வளவுகளின் மேல் இருந்தவர்கள், போகிற நாளில் நெல்லைப் பார்த்து ஒதுங்கினார்கள். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற ராத்தா, என் மூத்த சகோதரி, சிரிக்கவில்லை. முகாம் கேற்றுக்கு உள்ளே தன் வளவு எந்தப் பக்கம் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வளவின் கதையைச் சொல்வதற்கு முன் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா மகளுக்கு வளவு கொடுத்து வீடு கட்டி வைப்பார். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது, அவனுக்கு ஒரு வீட்டில் இடம் கிடைக்கும். நான் இருப்பது என் மனைவியின் வீடு. அது என் மகளுக்குப் போகும். எங்கள் ஊரில் ஒரு ஆண் "எங்கட வீடு" என்று சொன்னால் அது மனைவியின் வீடு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வாப்பா கடற்கரைப் பக்கத்து வளவை ராத்தாவுக்குக் கொடுத்தார். கொடுத்தது வாய்ச்சொல்லால். நாலு பெரியவர்களை வைத்துச் சொன்னார், வீட்டைக் கட்டினார், கலியாணத்தை முடித்தார். காணி உறுதிப் பத்திரம் வாப்பாவின் பெயரிலேயே இருந்தது. பிறகு மாற்றலாம் என்றிருந்தார். அடுத்த வருடம் தொண்ணூறு. யுத்தம் மறுபடி மூண்டது. ஒரு கிழமைக்கு மட்டும் என்று சொல்லித்தான் அந்த வரிசை வீடுகளை இராணுவம் கேட்டது. ராத்தா மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உம்மாவின் வீட்டுக்கு வந்தார். அந்த உறுதியும் உம்மாவின் வீட்டு அலுமாரியில்தான் இருந்தது. சுனாமி அலுமாரியைக் கொண்டுபோனது, வீட்டையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து ராத்தா தங்கச்சியின் வீட்டுப் பின் அறையில் இருக்கிறார். ஆண்மக்கள் இருவரும் கலியாணம் முடித்துப் போன இடங்களில் இருக்கிறார்கள். மிஞ்சியிருப்பது கடைசிப் பிள்ளை, என் மருமகள். வயது இருபத்தாறு.

அவளுக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தோம். நல்ல பிள்ளை, கல்முனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. முகாம் விடுபட்டதும் அவனுடைய உம்மா ராத்தாவிடம் வந்து, "இனி என்னகா, வளவு வந்திட்டுதானே, ரெண்டு அறையப் போட்டாப் போதும்" என்றார். மருமகளின் விரலில் ஒரு மோதிரமும் போட்டுவிட்டுப் போனார். ராத்தா அன்று சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

பிரதேச செயலகம் ஒரு அறிவித்தல் போட்டது. முகாம் காணியை மக்கள் பாவனைக்கு எடுப்பதற்குத் திட்டம் தயாரிக்கிறார்கள், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று. எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. வேறு நாடுகளில் கைவிட்ட முகாம்கள் பல்கலைக்கழகமாகவும் சந்தையாகவும் மாறியதைப் பற்றி வாசித்திருக்கிறேன். எங்கேயும் முதலில் கேட்கப்படுவது அங்கே யார் இருந்தார்கள் என்பதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஊரில் வேறு ஒரு பயம் பரவியது. யாரோ ஒரு ஹோட்டல்காரன் கடற்கரைக் காணி முழுவதையும் கேட்டிருக்கிறானாம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை கூடியது. ஆளுக்கொரு துண்டு என்று கேட்டால் காணிப் பிணக்கு என்று எழுதி மூடிவிடுவார்கள், பிறகு ஹோட்டல்தான் வரும். ஊர் ஒரே வாயால் ஒரு பொதுத் தேவையைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிரசவ ஆஸ்பத்திரி, மைதானம், பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா. அதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. அன்று பக்கத்து ஊரான சவளக்கடையில் வயலில் நின்றேன், அங்கேயே ஜும்ஆவும் தொழுதேன். ஊருக்கு வந்து மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள், அது எங்கள் ஊரில் அபூர்வம்.

தொழுகை முடிந்ததும் தலைவர் விஷயத்தை விளக்கினார். முன் வரிசையிலிருந்து ஒருவர் எழும்பி, "எண்ட துண்டு ஊருக்கு" என்றார். பள்ளி அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. பிறகு இன்னொருவர் எழும்பினார், இன்னுமொருவர். மச்சான், அதாவது ராத்தாவின் மாப்பிள்ளை, நடு வரிசையில் இருந்தார். மருதமுனைக் கைத்தறிச் சாறன்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு உள் கிராமங்களுக்குப் போய் விற்கிறவர். அதிர்ந்து ஒரு சொல் கதைக்காத மனிதர். யாரோ பின்னாலிருந்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, நீங்க என்ன, பேசாம இரிக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். மச்சான் எழும்பினார்.

"எங்கட வளவும் ஊருக்கு வக்ஃபு" என்றார்.

மற்றவர்கள் ஊருக்கு என்றுதான் சொன்னார்கள். இவர் வக்ஃபு என்றே சொல்லிவிட்டார். அல்லாஹ்வின் பெயரால், பள்ளிக்குள் வைத்து, திரும்பப் பெற முடியாதபடி. இன்னும் பலமாகத் தக்பீர் சொன்னார்கள். எழும்பிய ஒவ்வொருவரும் கொடுத்தது மனைவியின் வளவு. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

நான் போகும்போது ராத்தா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மச்சான் கதவடியில் நின்றார். சொல்லி முடித்திருக்க வேண்டும்.

"என்னத்தக் குடுத்தீங்க?" ராத்தா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"வளவ."

"ஆர்ர வளவ?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஆர்ர வளவ எண்டு கேக்கன். உங்கட உம்மா தந்து விட்டதா? சாறன் வித்து வாங்கினீங்களா?"

"எல்லாரும் குடுத்தாங்க புள்ள. நான் மட்டும் எப்பிடிக் குந்திக்கிட்டு இரிக்கிற?"

"அவங்களுக்கு வேற வீடிரிக்கி. உங்களுக்கு ஆர்ர வீடிரிக்கி? என்ட தங்கச்சிட வீட்ட, பின்னறையில படுத்துக்கிட்டு, ஊருக்கு வளவு குடுக்காரு, ஹாத்திம் தாயி!"

உள்ளே மருமகள் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். அவள் வெளியே வரவில்லை.

சட்டப்படி அந்தச் சொல் செல்லாது என்று நான் ராத்தாவிடம் சொன்னேன். கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். ஆனால் உறுதி இல்லாத காணிக்கு என்ன ஆதாரம் என்று அவர் திருப்பிக் கேட்டார். வாப்பா மௌத்தாகிவிட்டார். சாட்சியாக நின்ற நாலு பெரியவர்களும் போய்விட்டார்கள். ராத்தாவின் கையில் இருந்த ஒரே உறுதி, அது அவருடையது என்று ஊர் அறிந்திருந்ததுதான். அந்த ஊர் இப்போது கையொப்பமிட்டு, காணி பொதுவுக்குக் கொடுக்கப்பட்டது என்று கடிதம் அனுப்பியிருந்தது.

பெண்களுக்கான கருத்துக்கூட்டம் சித்திரை விடுமுறைக்குப் பின் ஒரு புதன்கிழமை பிரதேச செயலகத்தில் நடந்தது. ராத்தாவை நான்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனேன், வாசலடியில் நின்று பார்த்தேன். சுவர் முழுக்க ஒரு வரைபடம். ஆஸ்பத்திரிக்கு நீலம், மைதானத்துக்குப் பச்சை. ஒவ்வொருவருக்கும் சின்ன மஞ்சள் கடதாசித் துண்டுகள் கொடுத்து, விருப்பமானதை எழுதி விருப்பமான இடத்தில் ஒட்டச் சொன்னார்கள். நடத்தியவர் ஒரு இளம் பெண் உத்தியோகத்தர், பொறுமையான பிள்ளை. ராத்தா வரைபடத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்று கிணற்றைத் தேடினார். கிணறு இருக்க வேண்டிய இடத்தில் ஊஞ்சல் போட்டிருந்தது. தன் துண்டில் எழுதி அந்த ஊஞ்சலின் மேல் ஒட்டினார். எட்டத்தில் நின்ற எனக்கே தெரிந்தது, அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தார்: "என்ட வீடு."

பின்னால் நின்ற ஒரு பெண் மெதுவாகச் சிரித்தார். "ஊருக்குக் குடுத்ததுக்கு மேல வீட்ட ஒட்டாதகா. உன்ட மாப்பிள்ளதானே குடுத்த."

"அவரு என்ட வீட்டுக்கு வந்த மாப்பிள்ள. வந்த ஆள் வீட்டக் குடுக்கேலுமா? உன்ட புருசன் நாளைக்கு உன்ட வீட்டக் குடுத்தா நீ தக்பீர் சொல்லுவியா?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. உத்தியோகத்தர் வந்து உறுதி இருக்கிறதா என்று கேட்டார்.

"கடல் கொண்டு போயிட்டு மகள்."

"அப்ப பள்ளிவாசலால ஒரு கடிதம் எடுத்துத் தாங்க ராத்தா. இது இவங்கட காணி எண்டு ஊர் சொன்னா நாங்க ஏற்றுக்கொள்ளுவம்."

"ஊர் வேற கடிதமல்லோ தந்திரிக்கி" என்றார் ராத்தா. அந்தப் பிள்ளை கையில் இருந்த கோப்பைப் பார்த்தார், பிறகு ராத்தாவைப் பார்த்தார்.

கருத்துகளின் சுருக்கத்தைப் பிறகு அறிவித்தல் பலகையில் போட்டார்கள். ராத்தாவின் துண்டு அதில் இருந்தது. வீடமைப்புத் திட்டம், குறைந்த ஆதரவு என்று. ஒரு பெண் தன் வீட்டைக் கேட்டதை வீடமைப்புத் திட்டத்துக்கான விருப்பமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தெரிந்தவர் வந்து, "ஆஸ்பத்திரி வருது, பாத்தீங்களா?" என்று கை கொடுத்தார். கொடுத்த கையைப் பிடித்தேன்.

ஹஜ் பெருநாளுக்குப் பிந்திய கிழமை, பையனின் உம்மா வந்தார். தனியாகத்தான் வந்தார். ஆண்களை அனுப்பி அறுத்துப் பேசியிருக்கலாம். அப்படிச் செய்யாததற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். கதிரையில் இருந்தபடி அழுதார்.

"எனக்கு விருப்பமில்லாம இல்லகா. புள்ளய எனக்கு நல்ல விருப்பம். எண்ட வீட்ட மகளுக்கு எழுதியாச்சு. மருமகனும் அங்கதான். இவனக் கொண்டு நான் எங்க வைக்கிற? கலியாணம் முடிச்சிட்டு ரெண்டு பேரும் ஒங்கட தங்கச்சிட பின்னறையில, உங்களோட படுக்கிறயா?"

நான் ஒரு வீட்டைக் கொடுத்திருக்கலாம், எனக்கு ஒன்று இருந்திருந்தால். ராத்தாவின் மகன்கள் கொடுத்திருக்கலாம், அவர்களுக்கு ஒன்று இருந்திருந்தால். அந்த அறையில் மூன்று தலைமுறை ஆண்களை நிறுத்தியிருந்தாலும் ஒரு கூரை தேறியிருக்காது.

மருமகள் வந்து மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "மாமி, பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் குடிக்காமலே போனார்.

மச்சான் வாசலில் சாறன் மூட்டையை அவிழ்த்துக் கட்டுவதும் மறுபடி அவிழ்ப்பதுமாக இருந்தார். ராத்தா அவருக்குப் பின்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஊருக்குக் குடுத்தீங்கதானே. போய் அந்த ஊரிட்ட ஒரு மாப்பிள்ளயும் கேளுங்க."

மச்சான் மூட்டையை விட்டார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். மனிதர் எங்கே போகிறாரோ என்று பயந்து நான் பின்னால் போனேன். அவர் பள்ளிக்குத்தான் போனார். அஸர் தொழுகைக்கு இகாமத் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழுது ஸலாம் கொடுத்த உடனேயே, துஆவுக்குக் கை ஏந்த முன்னரே, மச்சான் எழும்பிவிட்டார்.

"நான் குடுத்த வளவு என்ட இல்ல" என்றார். "அது என்ட பொஞ்சாதிட. அவட்டக் கேக்காமக் குடுத்திட்டன். எனக்குத் திருப்பி வேணும். கலியாணமாகாத குமர் ஒண்டு வீட்டில இரிக்கி."

தலைவர் முன் வரிசையில் இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. எழும்பி வந்து மச்சானின் தோளில் கை வைத்தார்.

"அல்லாஹ்ட வீட்டில வச்சுக் குடுத்தத, அல்லாஹ்ட வீட்டில வச்சே திருப்பிக் கேக்கலாமா காக்கா? கடிதமும் செயலகத்துக்குப் போயிட்டு. இனி ஒரு துண்டப் பிரிச்சா மத்தவங்களும் கேப்பாங்க. மறுகா ஆஸ்பத்திரியுமில்ல, ஒண்டுமில்ல. குந்துங்க."

"என்ட இல்லாதத நான் எப்பிடிக் குடுக்கிற? நீங்க எப்பிடி வாங்கின?"

மச்சான் அதைத் தலைவரிடம் கேட்கவில்லை. திரும்பி நின்று வரிசைகளைப் பார்த்துக் கேட்டார். அன்று தக்பீர் சொன்னவர்களில் பாதிப் பேராவது அங்கே இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் மனைவியின் வீட்டில் இருப்பவர்கள். யாராவது ஒருவர், ஓம், அது அவட வளவுதான் என்று சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு செயலகத்துக்கு ஓடலாம் என்று நான் காத்திருந்தேன். அது ராத்தாவின் வளவுதான் என்று நானும் எழும்பிச் சொன்னேன். தம்பிதானே, சொல்லத்தானே செய்வான் என்பது போலப் பார்த்தார்கள்.

இமாம் துஆவை ஆரம்பித்தார். கைகள் எல்லாம் உயர்ந்தன. மச்சான் மட்டும் நடுவில் நின்றுகொண்டேயிருந்தார். ஆமீன் சொல்லி முடிந்ததும் ஒவ்வொருவராக எழும்பி, அவரை இடிக்காமல் சுற்றிப் போய், வாசலில் தங்கள் செருப்பைத் தேடினார்கள்.