ஒரு மணி நேரத்தில் சங்கரன்கோவில்

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வீடு ஸ்ரீபெரும்புதூரில். அதுவரை தெற்கே செங்கல்பட்டைத் தாண்டியதில்லை.

எங்கள் லைனில் வேலை செய்த பெண் ஒருத்தி தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்து பத்து நாள் லீவு கேட்டாள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். போனில் தேடினேன். ஐந்நூறு கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரம் என்று ஏதோ ஒரு வலைத்தளம் சொன்னது.

"இன்னாம்மா, ஒன் அவர்னு போட்டுக்கீது. பத்து நாள் எதுக்கு?" என்றேன்.

"சார், எங்க ஊருக்கு மேல பிளேன் போவும். நிக்காது" என்றாள்.

லைனே சிரித்தது. அந்த ரோஷத்தில் ஐந்து நாள்தான் கொடுத்தேன். போதாததற்கு, "நான் ஃப்ளைட்லயே வந்து காட்றேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

மற்றவர்கள் முதல் நாள் சாயங்காலமே வேனில் கிளம்பினார்கள். எல்லோரும் சேர்ந்து வாங்கிய குத்துவிளக்கை என் கையில் கொடுத்து, "நீங்கதான் சொகுசா வரீங்களே சார்" என்றார்கள்.

கல்யாணத்தன்று விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டேன். விமான நிலையத்தில் விளக்கின் கூர்முனையைப் பார்த்துவிட்டு என்னை வரிசையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். ஓடிப்போய் அதை லக்கேஜில் போட்டுத் திரும்பினேன். ஆனாலும் எட்டு மணிக்கெல்லாம் தூத்துக்குடியில் இறங்கிவிட்டேன். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

வெளியே ஒருவரிடம் சங்கரன்கோவில் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல திருநவேலி போங்க" என்றார்.

மெயின் ரோட்டுக்கு நடந்தேன். திருநெல்வேலியில் பஸ் மாறினேன். சங்கரன்கோவிலில் மினி பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். அது ஒரு வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர், விளக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடை. எதிரே வந்த ஆட்டு மந்தைகூட ஒதுங்கி வழிவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். தாலி கட்டி, பந்தி முடிந்து, எங்கள் லைன் ஆட்கள் பந்தலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா எனக்காகத் தனியாக இலை போட்டார். பரிமாறிக்கொண்டே, "பந்தக்கால் நடும்போது புள்ள பக்கத்துல இல்ல சார். லீவு கெடைக்கலன்னு முந்தாநாள்தான் வந்தா. அது கெடக்கு, நீங்க நல்லா சாப்பிடுங்க" என்றார். லீவைக் குறைத்த மகாராசன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

கை கழுவியதும் ஆபீசுக்குப் போன் போட்டு, அவள் லீவைப் பத்து நாளாக மாற்றச் சொன்னேன். அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மாலையும் கழுத்துமாக நின்றவள் என் செருப்பிலிருந்த செம்மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போகும்போது எல்லாரோடயும் வேன்லயே போயிருங்க சார்" என்றாள். அப்படியே போனேன்.

இன்றைக்கும் யாராவது லீவு கேட்டு வந்தால், கடைசி பஸ் எங்கே இறக்கிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்று கேட்காமல் என்னால் பேனாவைத் தொட முடிவதில்லை.