ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சுவிட்ச்

நிதுர்ஷன் என்ன வேலை செய்கிறான் என்று களுவாஞ்சிக்குடியில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் கொம்பியூட்டர் திருத்துகிறான் என்பார்கள். மற்ற இரண்டு பேரும் வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் இருக்கிறான் என்பார்கள். இரண்டும் பிழை. ஆனால் சரியானதைச் சொல்லி விளங்கவைப்பதற்குள் கேட்டவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போயிருப்பார்.

உள்ளது இதுதான். கணினியைத் திறந்ததும் படமும் பட்டியலுமாக ஒரு முகப்பு வருகிறதே, டெஸ்க்டொப், அதை யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கும்படி பல நாடுகளில் இருந்தும் சிலர் கூடிச் செய்துவந்தார்கள். அவர்களில் இவனும் ஒருவன். கொழும்பில் எட்டு வருடம் ஒரு கம்பனிக்குத் திரை வடிவமைத்தவன், தொற்றுக் காலத்தில் ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்டான். இரண்டு வருடமாக அவன் கையில் இருந்தது ஒரேயொரு பக்கம். திரையின் மூலையில் சத்தத்தோடு ஒரு பட்டை வந்து நம்மைக் கூப்பிடுமல்லவா, எந்தச் செயலி அப்படிக் கூப்பிடலாம், எது வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று பாவிப்பவரே தீர்மானிக்கும் பக்கம். செயலிக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு சுவிட்ச். இதற்கு இரண்டு வருடமா என்று அவனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஆளை விடமாட்டான்.

பக்கம் வெளிவர மூன்று மாதம் இருக்கும்போது, உண்மையான ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள் கூட்டாளிகள். அவன் விவசாயிகள் சங்கக் கந்தோருக்குப் போனான். அங்கிருந்த பழைய கணினிக்கு இந்த டெஸ்க்டொப்பைப் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். கணினிக்கு முன்னால் இருந்தவள் புஸ்பம், பதினொரு வருடமாகச் சங்கத்தின் எழுதுவினைஞர். படுவான்கரையில் அந்தச் சங்கத்துக்குள் அடங்கும் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், எவருடைய வயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புத்தகம் பாராமல் சொல்லுவாள்.

புஸ்பத்துக்கு மூலையில் வரும் பட்டைகளால் பெருங்கரைச்சல். கந்தோருக்கு வந்துபோகிறவர்கள் எல்லாம் பிரவுசரில் எந்தெந்தத் தளத்தையோ திறந்து, கேட்டதற்கெல்லாம் சம்மதம் என்று அமத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஆக, கிரிக்கெட், சாரி விலைக்கழிவு, யாரோ நடிகையின் கல்யாணம் எல்லாம் நாள் முழுக்க வந்து குதித்தன. நிதுர்ஷன் தன்னுடைய பக்கத்தைத் திறந்து காட்டினான். ஆகக்கூடக் கத்துவது எதுவோ அது மேலே நிற்கும்படி செய்திருந்தான். மேலே நின்றது பிரவுசர்.

"இதுதான் அக்கா கரைச்சல் குடுக்கிற. நிப்பாட்டி விடுங்க."

"நிப்பாட்டினா கடிதம் வந்தா எப்பிடித் தம்பி தெரியும்?"

"அது வேற. மெயில் தனியாக் கீழ இரிக்கி, பாருங்க. அது திறந்துதான் கிடக்கு."

அவள் நிறுத்தினாள். கந்தோர் அமைதியானது. "இப்பதான் மூச்சு விடுறன்" என்றாள். அந்த வார்த்தையை அவன் அப்படியே கூட்டாளிகளுக்கு எழுதி அனுப்பினான். பாராட்டு வந்து குவிந்தது. ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் பார்க்காமல் விட்டது சின்ன விசயம். கீழே இருந்த அந்த மெயில் செயலியைப் புஸ்பம் ஒருநாளும் திறந்ததில்லை. சங்கத்தின் கடிதங்கள் எல்லாம் பிரவுசருக்குள்தான் வந்தன; அதை நிறுத்தியதோடு கடிதத்துக்கு வரும் பட்டையும் நின்றுவிட்டது. அதிலும், காலையில் கடிதப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. பட்டை வந்து கூப்பிட்டால் போவாள், கூப்பிடாவிட்டால் கடிதம் இல்லை என்று இருப்பாள். அவனும் கூட்டாளிகளும் மெயிலுக்குத் தனிச் செயலி வைத்திருப்பவர்கள். உலகமே அப்படித்தான் என்று இருந்துவிட்டான். ஒரு மணித்தியாலம் பக்கத்தில் குந்தியிருந்தவன், கடிதம் வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, படித்த பிள்ளை!

சிறுபோக விதைப்பு வந்தது. நீர்ப்பாசனத் திணைக்களக் கடிதங்களைக் கையில் தரவேண்டாம், ஈமெயிலில் போடுங்கள் என்று போன வருடம் கேட்டதே சங்கம்தான். வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது. எதிர்பாராத மழையால் குளம் நிறைந்துவிட்டது, ஞாயிறு காலையே வாய்க்காலில் தண்ணீர் விடப்படும், அதற்கு முன் விதைக்கவேண்டாம். வந்த கடிதம் வந்தபடியே கிடந்தது. சனிக்கிழமை ஒரு வட்டை முழுக்க முளைநெல் விதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஏறி நெல்லை வாரி வரம்போரத்தில் ஒதுக்கியது.

செய்தி கேட்டுத் திங்கட்கிழமை நிதுர்ஷன் கந்தோருக்கு ஓடினான். கடிதம் பெட்டியில் இருந்தது. பிரவுசரின் சுவிட்ச் அணைந்து இருந்தது.

"என்னைத்தான் விலத்தப் போறாங்களாம்" என்றாள் புஸ்பம். "நான்தானே தம்பி நிப்பாட்டின."

தான் அன்றைக்குக் கேட்டதை அவள் நினைவூட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிரவே கூட்டாளிகளுக்கு எழுதினான். பக்கத்தை வெளியிடவேண்டாம், பிரவுசர் என்ற வரிக்குள் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிச் சுவிட்ச் வேண்டும், பிழை என்னுடையது. முகம் தெரியாதவர்களிடம் பிழையை ஒத்துக்கொள்வது லேசு. ஊருக்குள் அவன் வாயே திறக்கவில்லை. செவ்வாய் முழுக்கக் காய்ச்சல் என்று படுத்திருந்தான், காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை.

புதன்கிழமை கூட்டம். அறுபது பேர் இருக்கும். நிதுர்ஷன் கடைசி வரிசையில் போய் இருந்தான். சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது எழுதுவினைஞரின் வேலை. ஆகவே தன்னை நீக்கும் தீர்மானத்தையும் புஸ்பமே எழுதவேண்டி இருந்தது. தலைவர் நல்லரத்தினம் சொல்லச் சொல்ல, தன் உருண்டைக் கையெழுத்தில் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தாள். 'கடமையில் கவனயீனமாக இருந்த' என்ற இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது, பிறகு போனது.

அதைப் பார்த்துக்கொண்டு நிதுர்ஷனால் இருக்க முடியவில்லை.

"ஐயா, பொறுங்க. அக்காவில பிழை இல்ல. கடிதம் வந்தா எப்பிடித் தெரியும் எண்டு அக்கா என்னக் கேட்டவ. தெரிய வரும் எண்டு நான்தான் சொன்ன. நான் செஞ்ச பக்கம் அது. நான் சொன்னது பிழை."

வட்டையில் ஆகக்கூட அழிந்தது இராசதுரையின் வயல்தான். அவர்தான் எழும்பினார்.

"அப்ப பிழை ஆருட?"

"என்ட."

"நீ சொல்லிட்டா எங்கட நெல்லு முளைக்குமா?"

"முளைக்காது."

இராசதுரை கடைசி வரிசைக்கு நடந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவர், இவர் இனிமேல் பெட்டி கிட்டி எண்டு நமக்குக் கதை சொல்லக்கூடா. இந்தப் போகம் முடியும் வரைக்கும் காலம எட்டு மணிக்கு இவரே வந்து கடிதத்தத் திறந்து பாக்கட்டும். பாத்துட்டு எங்களுக்கு வாயால சொல்லட்டும்."

ஆட்கள் சிரித்தார்கள். நிதுர்ஷனுக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. ஓம் என்று தலையாட்டினான்.

"அப்ப முதல் தீர்மானத்த விடுவம். எழுது புள்ள" என்றார் நல்லரத்தினம்.

முதல் எழுதியதைப் புஸ்பம் அடித்திருக்கலாம், ஆனால் கூட்டக் குறிப்பில் வெட்டுக்கொத்து கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அதற்குக் கீழே, 'மேற்படி தீர்மானம் கைவிடப்பட்டது' என்று எழுதினாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"முழுப்பேர் சொல்லுங்க தம்பி."

சொன்னான். எழுதினாள். வழக்கப்படி எழும்பி நின்று முழுவதையும் வாசித்தாள். தன்னை நீக்கிய பந்தியை வாசிக்கும்போதும் குரல் நடுங்கவில்லை. கைவிடப்பட்டது என்ற இடத்துக்கு வந்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அறுபது பேருக்கு முன்னால் நின்று அழுதாள்.

"அழாத புள்ள" என்றார் நல்லரத்தினம். "நாளைக்கும் நீதான் கதவத் திறக்கோணும்."