கண்ணாடி விரியன் கடித்த ஆடிச் செவ்வாய்

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. என் கணவர் செல்வத்தோடு ராணுவத்தில் இருக்கும் ஷிண்டே அண்ணன். என்னை எப்போதும் 'பாபி', அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "பாபி, செல்வம் கோ சாம்ப்..." என்று இந்தியில் ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. பாம்பு என்று புரிந்ததும் மாவை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

மழையில் வளர்ந்த புல்லைத் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் வெட்டியிருக்கிறார்கள். கண்ணாடி விரியன். கணுக்காலில் கடி. யாரோ பிளேடால் கீறப் போக, ஷிண்டே அண்ணன் தட்டிவிட்டு, இவரைத் தூக்கி வண்டியில் போட்டிருக்கிறார்.

நாங்கள் குடியிருக்கும் கோந்த்வாவிலிருந்து ராணுவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஒண்ணுமில்ல புள்ள, பூச்சிதான்" என்று என்னைப் பார்த்ததும் இவர் சிரித்தார்; பாம்பைப் பூச்சி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். பல்லெல்லாம் சிவப்பு. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே இருந்த ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மறுநாள் ரத்தம் உறைந்தது. நிம்மதி என்று நினைத்தேன். ஆனால் சிறுநீர் நின்றுவிட்டது. கிட்னி வேலை செய்யவில்லை என்று டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள். முகம் வீங்கி, அடையாளமே தெரியாமல் கிடந்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்தேன். பிரார்த்தனை செய்யலாம் என்றால் தினமும் சொல்லும் வரிகள்கூட வாயில் வரவில்லை. கடைசியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சண்டைதான் போட்டேன். "ஆத்தா, உன் பூச்சிதான கடிச்சிருக்கு? நீதான் எறக்கணும். வேற யார்ட்டப் போயி நான் கேப்பேன்?"

பதில் உடனே வரவில்லை. மறுபடி டயாலிசிஸ். மறுபடி நடை. மறுபடி அதே சண்டை.

ஆடி முடியும் முன்பு ஒரு காலையில், அங்கே வேலை பார்த்த மலையாளி நர்ஸ் கதவைத் திறந்து தமிழில் கத்தினார்: "செல்வத்தோட வைஃப் எங்க? அவரு மூத்திரம் போயாச்சு!"

வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டேன். ஷிண்டே அண்ணன் ஓடிப்போய் பேடா இனிப்பு வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம் வெட்கமே இல்லாமல் காரணத்தையும் சொன்னார்.

இன்று என் கணவர் யூனிபார்ம் போட்டு வேலைக்குப் போகிறார். எனக்குப் பயம் முழுதாகப் போகவில்லை. காலையில் அவர் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே பூச்சி எதுவும் இல்லை என்று பார்த்து நான்தான் கொடுக்கிறேன். முன்பெல்லாம் குளித்து, விளக்கேற்றி, முறையாகத்தான் ஆத்தாளிடம் பேசுவேன். இப்போது அடுப்படியில், பஸ்ஸில், நினைத்த இடத்தில் எல்லாம் பேசுகிறேன்.

சகோதரிகளே, யாருக்காவது கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றுங்கள். ஏறியதும் ஆத்தாளைக் கூப்பிடுங்கள். வார்த்தை வராவிட்டால் திட்டுங்கள், அழுங்கள். அவள் பெற்றவள். குரலை வைத்தே பிள்ளையைக் கண்டுகொள்வாள்.