ஆணியைப் பிடுங்க ஒன்பது அத்தியாயம்

ஒருவர் எழுதிய கதையின் முடிவை அவரைக் கேட்காமல் மாற்றி, அவர் பெயரிலேயே அச்சிட்டேன். அதற்குத் திருத்தம் என்று பெயர் வைத்தேன். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவனின் யோக்கியதை இது.

அந்த அம்மா எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். தினமும் தொண்டூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஓய்வுபெற்றபின் நான் செஞ்சியில் ஒரு வாசகர் வட்டம் நடத்திவந்தேன். ஒருநாள் அவர் கோடுபோட்ட நோட்டு ஒன்றைத் தந்தார். "எழுத்துப் பிழை மட்டும் பாருங்க சார். கதையில கை வெக்காதீங்க" என்றார்.

அது பேய்க்கதை, அதிலும் காதல், அதிலும் இரண்டு பெண்கள். பேய் ஓட்டுகிறேன் என்று பூசாரி உச்சிமுடியைப் புளியமரத்தில் ஆணியடித்து அறுத்ததில் செத்துப்போன ஒருத்தி, அந்த ஆணியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறாள். மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நர்ஸ் ஒருத்திக்கு அவள்மேல் பிரியம் வருகிறது. நர்ஸ் நாள்தோறும் ஆணியைக் கொஞ்சம் அசைப்பாள். வலிக்கிறது, நிறுத்து என்று பேய் சொன்னால் நிறுத்திவிடுவாள். அன்றைக்கு வெறுமனே பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். இப்படி ஒன்பது அத்தியாயம்; கடைசியில்தான் ஆணி கழன்று வருகிறது.

"ஓர் ஆணியைப் பிடுங்க ஒன்பது அத்தியாயமா?" என்று வட்டத்தில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓய்வூதியமும் சர்க்கரை வியாதியும் தவிர வேறு அனுபவமில்லாத பத்துப் பேர் இலக்கியத்துக்குக் காவல் நின்ற கூட்டம் அது. அவர்களில் பெரிய மூடன் நான். எட்டு அத்தியாயங்களை வெட்டினேன். ஒன்பதாவதை நானே மாற்றி எழுதினேன்: பூசாரி திரும்ப வந்து இன்னொரு ஆணி அடிக்கிறார், பேய் ஒழிகிறது, நர்ஸுக்குக் கல்யாணம் நடக்கிறது. வட்டத்தின் ஆண்டு மலரில் அதைப் போட்டுவிட்டு, நல்லது செய்ததாக நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மலரோடு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கொண்டையை அவிழ்த்து உச்சி வகிட்டை விலக்கிக் காட்டினார். முடி முளைக்காத வழுவழுப்பான ஒரு தழும்பு.

"ரெண்டு பொண்ணுங்க ஒண்ணா இருக்கறோம்னு சொன்னதுக்கு எங்க நைனா பூசாரிகிட்ட இட்டுனு போனாரு சார். எனக்கு அப்ப இருவது வயசு. என் முடி ரொம்ப நாளு அந்த மரத்துலயே இருந்திச்சு. கதையிலயாவது புடுங்கிப் போடலாம்னு பாத்தேன்."

அப்போதும் நான் ஆசிரியராகத்தான் பேசினேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்ல முடியாமத்தானே சார் கதை எழுதறது."

மலரை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில் அவருடைய நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே ஆறு பேர் எழுந்து போனார்கள். வட்டம் அத்தோடு கலைந்தது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது அவர் போனில் ஒரு கதைச் செயலியில் தொடர்கதை எழுதுகிறார். அந்தப் பேயும் நர்ஸும் ஒன்பது அத்தியாயம் முழுக்க அங்கே இருக்கிறார்கள். கதைக்குக் கீழே எந்தெந்த ஊர்ப் பெண்களோ கருத்து எழுதுகிறார்கள். கல்யாணத்துக்கு மறுத்ததற்காக மாந்திரீகனிடம் கொண்டுபோகப்பட்டவள் ஒருத்தி. பேய் நிறுத்து என்று சொன்ன இடத்தில் தானும் அழுததாக எழுதியவள் ஒருத்தி. அவர்களுக்குக் கீழே நானும் என் குற்றத்தை என் சொந்தப் பெயரில் நீளமாக எழுதினேன். மறுநாள் அது நீக்கப்பட்டிருந்தது. போன் செய்தேன்.

"நான்தான் எடுத்தேன் சார். அது அந்தப் பொண்ணுங்க அழற எடம். நீங்க வேற எங்கனா போயி அழுங்க."

"வேறு இடத்தில் எழுதலாமா?"

"எழுதுங்க. என் பேரு வேணாம். மன்னிச்சிட்டேன்னு மட்டும் முடிச்சிடாதீங்க."

அவர் என்னை மன்னிக்கவில்லை.