நூறு மெகாபிட்டும் மாரியம்மன் கோயில் சூடமும்

1. எண்பத்தெட்டு எங்கே?

“மீதி எண்பத்தெட்டு எங்கய்யா போச்சு?”

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கலியபெருமாள் என்கிற கரும்பு விவசாயி என்னை வாசலிலேயே நிறுத்தி இப்படிக் கேட்டார். அந்த ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். நான் அப்போது தனசேகர் என்பவரிடம் இன்டர்நெட் லைன்மேன். கம்பத்தில் ஏறி ஃபைபர் ஒயர் இழுப்பது, வீட்டில் மோடம் மாட்டுவது, கம்ப்ளெயின்ட் வந்தால் போய்த் திட்டு வாங்குவது, மூன்றும் என் வேலை.

அவர் வாங்கியிருந்தது நூறு எம்பிபிஎஸ் வேகத்துக்கான பிளான். பிரான்சில் இருக்கும் மகன், பேரனின் பிறந்தநாள் வீடியோவை அனுப்பியிருந்தான். அதைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் நொடிக்குப் பன்னிரண்டு என்று ஓடுகிறது. அந்தப் பன்னிரண்டைத்தான் விரலால் குத்திக் காட்டினார்.

நான் வழக்கம்போல மோடத்தைத் தொட்டுப் பார்த்தேன். “சூடாயிருக்குதுங்க ஐயா. அதான்.”

“போன மாசம் மழன்ன. அதுக்கு முன்னாடி எலி ஒயர கடிச்சிடுச்சின்ன. எலி மாசாமாசம் கரெக்டா எண்பத்தெட்டதான் கடிக்குமா?”

எனக்கே காரணம் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறியவன் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் நூறு பிளானில் பன்னிரண்டைத் தாண்டாது. நாலு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு ஒரு காரணம் சொல்லி வந்தேன். என் பேச்சை நம்பிப் புது மோடம் வாங்கினவர்கள் உண்டு. வில்லியனூரில் ஒரு டீச்சரம்மா மோடத்தைக் குபேர மூலைக்கு மாற்றினார். இன்னொரு வீட்டில் அதன் தலையில் எலுமிச்சம்பழமே வைத்துவிட்டார்கள். அப்போதும் பன்னிரண்டுதான்.

கலியபெருமாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“வெள்ளிக்கெழம காலைல கோயிலுக்கு வா. எரியிற சூடத்த கையால அடிச்சி அணைச்சிட்டு, நூறு முழுசா குடுக்குறேன்னு சத்தியம் பண்ணு. பண்ணலன்னா இந்தத் தெருவுல ஒங்க ஒயரு ஒண்ணு இருக்காது.”

எங்கள் பக்கம் ஆடு காணாமல் போனாலும், வரப்பு நகர்ந்தாலும் போலீசுக்குப் போகும் முன் சூடத்துக்குப் போவார்கள். இன்டர்நெட் வேகம் அங்கே போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

2. ஓனரின் பக்தி

தனசேகர் தினமும் கடை திறந்ததும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“சூடந்தான? அர செகண்டு சுடும். அடிச்சிட்டு வா. அந்தத் தெரு போச்சின்னா நீயும் கடைக்கு வராத.”

“சத்தியம்ணே. சாமி விஷயம்.”

“நீதான பண்ணப் போற? நானா பண்றேன்?”

பொய்ச் சத்தியம் பெற்ற பிள்ளைகளைப் பிடிக்கும் என்று நம்புகிறவன் நான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சத்தியம் செய்தால் அவர்களுக்கு ஆகாது, செய்யாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டில் லைன் மாட்டிவிட்டு, ஸ்பீடு பார்க்கும் ஆப்பைத் திறந்தேன். வழக்கம்போல 96 என்று வந்தது; கம்ப்யூட்டரில் ஃபைல் இறக்கும்போதுதான் அது பன்னிரண்டாகும். கை பட்டு செட்டிங்கில் எதையோ அழுத்திவிட்டேன். 96 இருந்த இடத்தில் 12. மறுபடி அழுத்தினேன், 96. மறுபடி, 12. அதே லைன், அதே நிமிஷம். அளவின் பெயர்தான் மாறியிருந்தது. மெகாபிட் இருந்த இடத்தில் மெகாபைட்.

எட்டாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் ஓட்டினேன். எட்டுப் பன்னெண்டு தொண்ணூற்றாறு.

அவ்வளவுதான். லைனை அளப்பது பிட்டில். ஃபைலை அளப்பது பைட்டில். எட்டு பிட்டு சேர்ந்தால் ஒரு பைட்டு. நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. வழியில் கொஞ்சம் போனாலும் பன்னிரண்டு கட்டாயம் வரும். மழையும் குற்றவாளி இல்லை, எலியும் இல்லை. நாலு வருடம் எலி மேல் பழி போட்டதற்கு அம்மன் என்னை மன்னிக்க வேண்டும்.

ஓனருக்குப் போன் போட்டேன். “இது உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாமயா கட வெச்சிருக்கேன்? பன்னெண்டரன்னு போர்டு வெச்சா எவன் வருவான்? வாய மூடிக்கினு போயி சூடத்த அடி.”

எல்லாக் கம்பெனியும் வேகத்தைப் பிட்டில்தான் விற்கிறது. அது தொழில் முறை, அதில் தப்பில்லை. கேட்கிறவனிடம் மறைத்து, எலியைக் கைகாட்டச் சொல்வதுதான் தப்பு.

3. வெள்ளிக்கிழமை

ஓனரும் வந்திருந்தார். தெரு தப்பித்ததா என்று பார்க்க வந்தவர் முன்வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார்.

“ஐயா, சத்தியத்துக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன்” என்றேன். “நூறு கரும்ப எட்டெட்டா கட்டுனா எத்தன கட்டு?”

“பன்னெண்டு கட்டு. நாலு கரும்பு மிச்சம்” என்றார் கலியபெருமாள், யோசிக்காமல்.

“கரும்பு கொறஞ்சி போச்சிங்களா?”

“எப்பிடிய்யா கொறயும்?”

“லைன்ல வர்றது கரும்பு கணக்கு. ஒங்க கம்ப்யூட்டரு காட்டுறது கட்டு கணக்கு. நூறும் வருதுங்க.”

கூட்டத்தில் ஒரு அம்மா, “இத சொல்றதுக்கு நாலு வருஷமா இவனுக்கு?” என்றார். நியாயமான கேள்வி.

கலியபெருமாள் ஆலைக்குக் கரும்பு ஏற்றியே நரைத்தவர். அவரிடம் அளவு விஷயத்தில் தப்ப முடியாது.

“அப்போ விக்கிறப்ப கரும்ப எண்ணி விக்கிறீங்க. நாங்க எண்ணுறப்ப கட்டாயிடுது. இது ஒங்க ஓனருக்குத் தெரியுமா?”

ஓனர் எனக்குக் கண்ஜாடை காட்டினார். நேர் எதிரே அம்மன்.

“தெரியுங்க. எனக்கு நேத்துதான் தெரியும். இது நெசம்னு அடிக்கிறேன்” என்று சொல்லிச் சூடத்தை அடித்தேன். உள்ளங்கை பொசுங்கியது.

யாரும் சொல்லாமலே பூசாரி இன்னொரு சூடத்தை ஏற்றினார்.

“வா தனசேகரு” என்றார் கலியபெருமாள். “எல்லார் கிட்டயும் வெவரமா சொல்லிதான் வித்தேன்னு ஒரு சத்தியம். அர செகண்டு சுடும், அவ்ளோதான்.”

தனசேகர் போனைக் காதில் வைத்தார். “ஹலோ... சிக்னல் கெடைக்கல, ஒரு நிமிஷம்” என்று வெளியே நடந்தார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. சூடம் யாரும் அடிக்காமல் தானே எரிந்து அணைந்தது.

4. அப்புறம்

சாயந்திரமே என் வேலை போனது. தெருவில் ஒரு கனெக்‌ஷன் கூடப் போகவில்லை, ஏனென்றால் அந்த ஊருக்கு வேறு ஒயர் கிடையாது. ஓனர் கடை போர்டில் இன்றும் நூறுதான், சந்தனத்தோடு. நியாயம் ஜெயித்த கதை என்று தயவுசெய்து இதை யாருக்கும் சொல்ல வேண்டாம். என் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், அது போதும்.

இப்போது வில்லியனூரில் வேறொருவரிடம் இதே வேலை. புதிதாக வருகிற தம்பிகளுக்குச் சொல்வேன்: மோடம் மாட்டின அன்றைக்கே பெரிய ஃபைல் ஒன்றை வீட்டுக்காரர் கண்ணெதிரே இறக்கிக் காட்டுங்கள். பிளான் எண்ணை எட்டால் வகுத்துப் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். நூறுக்குப் பன்னிரண்டரை, ஐம்பதுக்கு ஆறேகால், நாற்பதுக்கு ஐந்து.

“அவன் நூறு தர்றான், நீ இன்னா பன்னெண்டரன்ற?” என்று சிலர் கதவைச் சாத்துவார்கள். எனக்கும் சாத்தியிருக்கிறார்கள். சாத்தட்டும். எண்ணைக் குறைத்துச் சொன்னாய் என்று இதுவரை எவரும் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டதில்லை.