நீளம் அளக்காமல் எழுதிய ‘நோர்மல்’

1. காலையில் வந்த போன்

கொழும்பில் ஒரு தனியார் மரபணு ஆய்வுகூடத்தில் டிஎன்ஏயின் எழுத்துகளை வாசிக்கும் சீக்வென்சிங் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் நாரந்தனை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது எங்கள் பக்கத்துச் சின்னத் தீவான எழுவைதீவின் படகோட்டி ஒருவரைப் பற்றி. யேசுதாசன் என்று பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன். அவருக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

அவருடைய தங்கை றோஸ்மேரி ஒரு நாள் காலை ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“என்ர அண்ணைக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை எண்டு எழுதி அனுப்பினது நீங்களோ?”

“என்ன நடந்தது, சொல்லுங்கோ.”

“அவருக்கு நடை தள்ளாடுது, கதை குளறுது. எங்கட அப்பாவும் இப்பிடித்தான் போனவர். ஊரிலை குடிகாரன் எண்டு கதைச்சவை, இப்ப உங்கட ரிப்போட்டைச் சொல்லி, ‘வருத்தமில்லையாம், அப்ப குடிதானே’ எண்டு படகாலை இறக்கிப்போட்டினம். அந்த மனிசன் வாயிலை ஒரு சொட்டு வைக்கிறேல்லை!”

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பரம்பரைத் தள்ளாட்ட நோயாக இருக்கலாம் என்று சந்தேகித்து நரம்பியல் வைத்தியர் ஒருவர் இரத்தம் அனுப்பியிருந்தார். நாங்கள் ‘நோர்மல்’ என்று பதில் எழுதியிருந்தோம்.

2. டைரக்டரின் அறை

அந்த நோயில், ஒரு மரபணுவுக்குள் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. எல்லை தாண்டி நீண்டால்தான் நோய். எங்கள் மெஷினோ டிஎன்ஏயைச் சின்னச் சின்னத் துண்டாக்கித்தான் வாசிக்கும். கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைத் தாம்போதியைத் துண்டு துண்டாகப் படம் பிடித்தால் எல்லாப் படத்திலும் ரோட்டும் இருபக்கக் கடலும்தான் இருக்கும். இரண்டு கரையும் ஒரே படத்தில் விழாமல் தாம்போதி எவ்வளவு நீளம் என்று எப்படிச் சொல்வது? வாசித்த துண்டுகளைப் பொருத்தும் சொஃப்ட்வெயருக்கும் அதே சிக்கல்தான். வைக்க இடம் தெரியாத துண்டுகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பார்த்து நோர்மல் என்கிறது.

இந்த முறையால் அந்த நீளத்தை அளக்க முடியாது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்கும்படி நான் முன்பே கேட்டிருந்தேன். டைரக்டர் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது நேரே அவர் அறைக்குப் போனேன்.

“டொக்டர், எழுவைதீவு சாம்பிளைத் திரும்பச் செய்யவேணும்.”

“போன ரிப்போட் போனதுதான். திருத்தி அனுப்பினா எங்களை ஆர் நம்புவினம்? நீர் சும்மா இரும்.”

“அந்த மனிசனைக் குடிகாரன் எண்டு வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம்.”

“அது ஊர்ப் பிரச்சினை. எங்கட வேலையில்லை.”

“அப்ப இனி இந்த வருத்தத்துக்குப் போற ஒரு நோர்மலிலையும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்றேன். என் கையெழுத்து இல்லாமல் ரிப்போர்ட் வெளியே போகாது. சாம்பிள்கள் தேங்கத் தொடங்கிய பிறகுதான், “உம்மட விருப்பம்போல செய்யும்” என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

3. இரண்டு கரையும்

நீளமான டிஎன்ஏ உடையாமல் கிடைக்க வேண்டும் என்பதால் புதிதாக இரத்தம் எடுப்பித்தோம். முதலில், அந்தத் தொடருக்கு உள்ளேயே ஒட்டும் பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏத் துண்டைப் போட்டு, பிரதி எடுக்கும் பிசிஆர் சோதனை ஒன்று. நோர்மல் ஆளுக்குத் திரையில் சீக்கிரம் நிற்க வேண்டிய கூர்முனை வரிசை, நிற்காமல் ஓடியது. நோய் இருந்தது. ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் பிசிஆர் பிரதி எடுக்கும்போது வழுக்கி, எண்ணிக்கை பிசகும்; அதை வைத்து நீளம் சொல்ல முடியாது. அதனால் பிரதி எடுக்காத டிஎன்ஏயை, நீண்ட துண்டுகளை வாசிக்கும் மெஷின் இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தேன்.

முதல் விடை குழப்பம். தாய் வழி வந்த மரபணுப் பிரதியையும் தகப்பன் வழி வந்ததையும் சொஃப்ட்வெயர் ஒன்றாகக் கலந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளத்தைத் தந்தது. இரண்டையும் பிரித்தேன். தொடரின் இரு கரையும் தெரிந்த வாசிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழைகளைக் கழித்தேன். ஒரு பிரதி சரியான நீளம். மற்றது எல்லையைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

4. எழுவைதீவு

இரத்தம் அனுப்பிய வைத்தியர் கிளினிக்கில் யேசுதாசன் குடும்பத்துக்கு நோயை விளக்கினார். திருத்திய ரிப்போர்ட்டோடு மன்னிப்பாக ஒரு வரி எழுதும்படி டைரக்டரைக் கேட்டேன். மறுத்துவிட்டார். லீவு போட்டு, அந்த ரிப்போர்ட்டோடு ஊர்காவற்றுறையில் நானே எழுவைதீவுப் படகேறினேன்.

யேசுதாசன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“அக்கா, நான் குடிக்கேல்லை எண்டு அதிலை போட்டிருக்கோ?”

“உங்கட தள்ளாட்டத்துக்கு இந்த வருத்தம்தான் காரணம் எண்டு போட்டிருக்கு, அண்ணை.”

“கொஞ்சம் பிலத்துச் சொல்லுங்கோ. பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்.”

குசினி வாசலில் நின்ற அவர் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். “முதல் ரிப்போட் வந்த பிறகு நானும் இவரை நம்பேல்லை, அக்கா. கடற்கரையாலை வந்தவுடனை இவற்ற வாயை மணந்து பாத்துப்போட்டுத்தான் சோறு போட்டனான். அதிலை வருத்தம் ஒண்டுமில்லை எண்டுதானே போட்டிருந்தது?”

திருத்திய ரிப்போர்ட்டை அவரிடம் கொடுத்தேன். அந்த நோய்க்கு மருந்து இல்லை. சுக்கான் யேசுதாசன் கைக்குத் திரும்பவில்லை. அந்தத் தள்ளாட்டத்தோடு திரும்பவும் கூடாது. ஆனால் குடிகாரன் என்ற சொல்லைத் திருப்பி எடுக்கவும் ஒருவரும் வரவில்லையே!

பிள்ளைகளே, ‘காணவில்லை’ என்பது வேறு, ‘இல்லை’ என்பது வேறு. உங்கள் மெஷினால் பார்க்க முடியாத இடத்தை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள். எழுத விடாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.