கொண்டை இல்லாத நீர்க்காகம்

பறவைகளை எனக்குப் பிடிக்கும். பறவை பார்க்கப் போகிறவர்களைப் பிடிக்காது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு ஒக்ரோபர் ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் தெற்கே, ஒரு பாறைக் கரையில் அப்படிப்பட்ட பன்னிரண்டு பேரோடு நின்றேன். கூட்டிப்போனவர் என் மனைவியின் அண்ணன்.

"நோர்வேக்காரரோடை பழகோணும் மச்சான். பஸ் கழுவுற இடத்தை விட்டா உமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லித்தான் இழுத்துவந்தார். அவர் புதிதாக வாங்கிய தொலைநோக்கியை, ஒரு பக்க மூடியைக் கழற்றாமலே கண்ணில் வைத்து, "அழகு, அழகு" என்று நோர்வீஜிய மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒஸ்லோவுக்கு வருமுன் ஆறு வருடம் வடக்கே, பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். இடைவேளைகளில் மற்றவர்களோடு உட்கார்ந்து கதைக்கக் கூச்சம். பின்பக்கம் போய் நின்று பாறையைப் பார்ப்பேன். அங்கே கொண்டை நீர்க்காகங்கள் இருந்தன. அந்தக் கொண்டை முட்டையிடும் காலத்தில் மட்டும்தான். பிறகு உதிர்ந்துவிடும். அப்போதும் அதன் மெல்லிய அலகும், செங்குத்தாக எழும் நெற்றியும் மாறாது. முங்கும்போது உடம்பு முழுவதும் தண்ணீரை விட்டுத் துள்ளி, வளைந்து, தலைகீழாக விழும். இன்னொரு இனமான பெரிய நீர்க்காகம் அப்படித் துள்ளுவது குறைவு. சோம்பேறி மாதிரி வழுக்கி உள்ளே போகும்.

எங்களை நடத்திச் சென்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தொப்பி நிறையச் சின்னங்கள். பாறையில் சிறகை விரித்துக் காயவைத்த ஆறு பறவைகளைக் காட்டி, "எல்லாம் பெரிய நீர்க்காகம். மற்றதற்குக் கொண்டை இருக்கும்" என்றார். பன்னிரண்டு தலைகள் ஆடின. மச்சானின் தலை எல்லோருக்கும் முதல் ஆடியது.

வலது ஓரத்தில் இருந்தது சிறியது. மெல்லிய அலகு. அது தண்ணீருக்குள் இறங்கி, துள்ளி, முங்கியது. ஆசிரியர் அந்நேரம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அந்நியர் முன்னால் என் நாக்கு மரத்துப்போகும். அந்தக் கூச்சத்தையும் நான் மதிப்பதில்லை.

முடிவில் கார்களுக்குப் பக்கத்தில் கோப்பி குடித்தபடி பட்டியல் வாசிப்பது அவர்கள் வழக்கம். ஆசிரியர் ஒவ்வொரு பறவையின் பெயராக வாசிப்பார். கண்டவர் "யா" என்றால் பென்சிலால் சரி போடுவார். அன்று அந்தக் கரையில் என்ன இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. அந்தப் பறவை அங்கே இருந்தது. இல்லை என்று எழுதக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"கொண்டை நீர்க்காகம்?" என்று வாசித்தவரின் பென்சில் அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தது.

"யா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மச்சான் என் ஜக்கற்றைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரும் ஐசே!"

"கொண்டை இருந்ததா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"இல்லை. இப்போது இருக்காது."

மக்கு மாணவனைப் பார்ப்பதுபோல் சிரித்தார். புத்தகத்தை விரித்துப் படத்தைக் காட்டினார். கொண்டை நன்றாகவே இருந்தது. பக்கத்துப் படத்தை அவருடைய பெருவிரல் மறைத்திருந்தது. அந்த விரலைச் சுட்டிக் காட்டினேன்.

விரலை எடுத்தார். அதே பறவை, குளிர்காலத்தில், கொண்டையில்லாமல். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தாளில் சரி போடாமல் சிறிதாக ஒரு கேள்விக்குறி போட்டார். தன் புத்தகத்தையே நம்பாத மனிதர்.

காரில் மச்சான் பொருமினார். "படிச்ச மனிசன்ரை கையை நோக்கி விரல் நீட்டுறீர். இனி என்னை ஆர் கூப்பிடுவினம்?"

"நீர் அந்தப் பறவையைப் பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"எந்தப் பறவை?" என்றார். தொலைநோக்கி அவர் மடியில் கிடந்தது. அந்த மூடி இன்னும் கழலவில்லை.